காரில் பொருத்தும் வயர்லெஸ் சார்ஜர்: வாட் எண்ணைக் கேட்கிறோம், பியூஸைக் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரையிலான பிரதான வீதியோரத்து வாகன உதிரிப்பாகக் கடைகளில், கைத்தொலைபேசியை மேலே வைத்தவுடன் வயர் இல்லாமலே சார்ஜ் ஏற்றும் தட்டுகள் இப்போது தாராளமாக விற்பனையாகின்றன. வாகன மின்வேலையைத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில், அவை கார்களிலும் வான்களிலும் எவ்வாறு பொருத்தப்படுகின்றன என்பதை நான் அன்றாடம் காண்கிறேன். வாங்குபவர் விலையையும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணையும் மட்டுமே கேட்கிறார். விற்பவரும் அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. நமது வெப்பமான கரையோர மாவட்டங்களில் அந்தத் தட்டு காரினுள் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதும், எந்தப் பியூஸின் வழியாக மின்சாரம் எடுக்கிறது என்பதும் வாட் எண்ணைவிடப் பன்மடங்கு முக்கியமானவை. அதை விளக்கவும், விற்போரிடமும் பொருத்துவோரிடமும் சில கோரிக்கைகளை முன்வைக்கவும் தங்கள் பத்திரிகையில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் இந்தப் பொருளுக்கு எதிரானவன் அல்லன். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், நம்மிடையே ஓடும் கார்களில் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவை. அவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்திய வயர்லெஸ் சார்ஜரைக் காண்பது அரிது. ஆகவே வெளியில் வாங்கிப் பொருத்துவதைத் தவிர உரிமையாளர்களுக்கு வேறு வழியில்லை. கல்லடி, மருதமுனை, திருக்கோவில் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் மணலும் போனின் சார்ஜ் துவாரத்தை அரித்துக் கெடுப்பதையும், ஈரம் பட்டுவிட்டது என்று எச்சரித்துப் போன் சார்ஜ் ஏற மறுப்பதையும் அனுபவித்தவர்களுக்கு, துவாரத்தையே பயன்படுத்தாத ஒரு வழி கிடைப்பது உண்மையான நன்மைதான். வெளிநாடு செல்லும் உறவினரை ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவில் புறப்படும் வான் சாரதியை நினைத்துப் பாருங்கள். யானை குறுக்கிடும் ஹபரணைப் பக்கத்து வீதியில் ஏதாவது நேர்ந்தால், 1990 அவசர அம்பியூலன்ஸ் சேவையை அழைப்பதற்கு அவருடைய போனில் சார்ஜ் இருந்தாக வேண்டும். அதனால்தான் இந்த வேலை சரியாகச் செய்யப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தட்டின் உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முதல் இரண்டு இலட்சம் தடவை வரை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, போனின் முதுகுப்புறத்தில் உள்ள மற்றொரு சுருள் அந்தப் புலத்திலிருந்து மின்சாரத்தைப் பெற்றுப் பற்றரிக்கு அனுப்புகிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. இரு சுருள்களுக்கும் இடையே சில மில்லிமீற்றர் தூரமே இருக்க வேண்டும். இரண்டின் மையங்களும் ஒன்றன்மேல் ஒன்று அமைய வேண்டும். சரியாக அமைந்தாலும், எடுக்கும் மின்சக்தியில் கணிசமான பங்கு போனுக்குப் போய்ச் சேராமல் வெப்பமாகிவிடுகிறது. போன் சற்று விலகினால் அல்லது தடித்த கவர் இடையில் இருந்தால் வீணாகும் பங்கு இன்னும் கூடும். அந்த வெப்பம் போய்ச் சேரும் இடம் தட்டும், அதன் மேல் ஒட்டிக் கிடக்கும் போனின் முதுகுமே. பற்றரியும் அங்கேதான் இருக்கிறது.

ஐபோனைப் பயன்படுத்துவதற்கு உகந்த சுற்றுப்புற வெப்பநிலையாக அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுவது 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே 33, 34 பாகை என்பது சாதாரணம். கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 பாகையைத் தாண்டுவதும், நேரடி வெயில் விழும் டாஷ்போட் அதைவிடவும் அதிகமாகக் கொதிப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த டாஷ்போட்டின் மேல் தட்டை ஒட்டி, அதன் மேல் போனை வைத்து, திரையை அணையாமல் எரியவிட்டு வரைபடத்தையும் ஓடவிட்டால், தட்டின் வெப்பம், திரையின் வெப்பம், ஜீ.பி.எஸ். கணிப்பின் வெப்பம், வெயிலின் வெப்பம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அப்போது போன் தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும் அல்லது முற்றாக நிறுத்திவிடும். தட்டு பழுது என்று எண்ணிக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்களில் பலருடைய தட்டில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. வைத்த இடம்தான் பிழை. லிதியம் அயன் பற்றரி சூடான நிலையில், அதிலும் நிறைய சார்ஜ் ஏறிய நிலையில் நீண்ட நேரம் இருந்தால், அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துபோகும். வெயில் விழாத தாழ்வான இடத்திலோ, ஏசிக் குளிர்காற்று வெளிவரும் துவாரத்தின் முன்னாலோ தட்டைப் பொருத்தினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஏசித் துவாரத்தில் மாட்டும் வகைத் தட்டையே நான் பெரும்பாலும் சிபாரிசு செய்கிறேன். சார்ஜ் 80 சதவீதத்துடன் நின்றுவிடுமாறு அமைக்கும் வசதி புதிய போன்கள் பலவற்றில் உண்டு. நீண்ட பயணங்களில் அதைப் பயன்படுத்துவதும் நல்லது.

வாட் எண்ணை நம்பி வாங்குவதில் உள்ள சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். பெட்டியில் 15 வாட் என்று இருந்தாலும், தட்டுக்கு மின்சாரம் தரும் அடப்டர் 9 வோல்ற்றில் 2 அம்பியர் அளவுக்குக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய கார்களில் பாட்டுக் கேட்பதற்காக அமைத்த யூ.எஸ்.பி. துவாரம் பெரும்பாலும் 5 வோல்ற்றில் அரை அம்பியர் அல்லது ஓர் அம்பியர் மட்டுமே தரும். அதாவது இரண்டரை வாட் அல்லது ஐந்து வாட். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகிப் போக, வரைபடம் ஓடும் போனில் சார்ஜ் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டே வரும். போனுக்கும் தனக்குரிய வரம்பு உண்டு: காந்தம் இல்லாத சாதாரண தட்டில் ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. ஆகவே தட்டு, அடப்டர், போன் ஆகிய மூன்றில் எது குறைந்ததோ அதுவே கிடைக்கும் அளவு. 50 வாட், 100 வாட் என்று அச்சிட்டு வரும் பெட்டிகளைப் பற்றி நான் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

வாட் எண்ணுக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது, வயர்லெஸ் சார்ஜுக்கான தரநியமமான கியூஐ (Qi) இன் தரச்சான்று. 2008இல் அமைந்த வயர்லெஸ் பவர் கொன்சோர்ட்டியம் என்ற அமைப்பே இந்தத் தரநியமத்தை நடத்துகிறது. தொடக்கத்தில் 5 வாட்டாக இருந்த அளவு பின்னர் 15 வாட்டாக உயர்ந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட கியூஐ 2 என்ற பதிப்பில், போனைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் காந்த வளையமும் சேர்ந்தது. நமது குண்டும் குழியுமான உள்வீதிகளில் போன் நகர்ந்து விலகாமல் இருப்பதற்கு இந்தக் காந்தம் மிகவும் உதவுகிறது. சான்று பெற்ற ஒவ்வொரு மாதிரியின் இலக்கத்தையும் அந்த அமைப்பின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ‘கியூஐ போன்களுக்குப் பொருந்தும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பது சான்று ஆகாது. சான்று பெற்ற தட்டில், இடையில் உலோகத் துண்டு கிடந்தால் அதைக் கண்டறிந்து சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும் வசதி இருக்கும். மலிவான தட்டுகளில் அது இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில்லறைக் காசை முன் இருக்கைகளுக்கு இடையிலுள்ள நடுப்பெட்டியில் போட்டுவைக்கும் வழக்கமுடைய நமக்கு இது சிறிய விடயம் அல்ல. போனுக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கிய பத்து ரூபாய் நாணயம் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறக்கூடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். வயர் வெளியே தெரியக்கூடாது என்று வாடிக்கையாளர் கேட்பார். பொருத்துபவரும் அவருடைய விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டு, சிகரெட் லைற்றர் துவாரத்தின் பின்புறத்து வயரையோ வானொலிக்குச் செல்லும் வயரையோ சுரண்டி, அதில் தட்டின் வயரைச் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டி, மூடியைத் திரும்பப் பூட்டிவிடுவார். பார்வைக்கு வேலை அழகாக இருக்கும். ஆனால் சிகரெட் லைற்றர் துவாரத்துக்கு வழக்கமாக இருப்பது 15 அம்பியர் பியூஸ். நீல நிறத்தில் இருக்கும். 15 வாட் தட்டோ, வெப்பமாக வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால்கூட, 12 வோல்ற் பக்கத்தில் 2 அம்பியரைத் தாண்டாது. அதற்கேற்ற மெல்லிய வயரைத்தான் தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். முழு ஷோர்ட் ஏற்பட்டால் 15 அம்பியர் பியூஸ் உடனே போய்விடும் என்பது உண்மை. ஆனால் அந்த மெல்லிய வயர் நடுப்பெட்டியின் ஓரத்தில் நசுங்கி, உறை கிழிந்து, உலோக உடம்பில் அரைகுறையாகத் தொட்டு 8 அல்லது 10 அம்பியர் ஓடும்போது, அந்தப் பியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. வயர்தான் சூடாகி, உறை உருகி, அருகிலுள்ள கம்பளத்தையும் பிளாஸ்டிக்கையும் கருக்கத் தொடங்கும். பியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. ஆகவே வயரின் தடிப்புக்கு ஏற்ற பியூஸ் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம்.

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. பியூஸ் பெட்டியிலேயே ஒரு கிளையை எடுத்து, தட்டுக்கென்று தனியாக 3 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போட வேண்டும். ஊதா நிறத்தில் இருப்பது அதுவே. இணைப்புகளைச் சுற்றி டேப் ஒட்டாமல் ஈயப்பற்று வைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாயால் மூட வேண்டும். நமது கோடையில் டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் டேப் தானாகவே கழன்று வரும். பியூஸ் போனால் அதைவிடப் பெரியதைப் போடுவதும், அதைவிட மோசமாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் இன்றும் சில இடங்களில் நடக்கின்றன. எந்தக் காரணத்தைக் கொண்டும் அதற்கு உடன்பட வேண்டாம் என வாகன உரிமையாளர்களை இரந்து கேட்கிறேன். மின்வேலைக்கு உடன்பட மனமில்லாதவர்கள், தரமான அடப்டர் ஒன்றைச் சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகி, வயர் வெளியே தெரிய விட்டுவிடலாம். அது அழகற்றதாகத் தோன்றினாலும், மறைத்துச் செய்த மோசமான இணைப்பைவிடப் பாதுகாப்பானது. அடப்டர் துவாரத்தில் ஆடாமல் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தளர்வான தொடுகையும் சூடேறும்.

தட்டைப் பதிப்பதற்காக நடுப்பெட்டியில் துளையிடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் எயார்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி, கியருக்குக் கீழே, அந்த நடுப்பெட்டியின் அடியில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மஞ்சள் நிற உறையோ மஞ்சள் நிற இணைப்போ கண்ணில் பட்டால் அது எயார்பேக் சுற்று. அதில் கைவைக்கவே கூடாது. ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிறக் கேபிள் உயிராபத்தான உயர் மின்னழுத்தம் செல்வது. எயார்பேக் வெளிவரும் மூடியின் மேலும் அதன் முன்னாலும் தட்டையோ போன் தாங்கியையோ ஒட்டுவதும் ஆபத்தானது, ஏனென்றால் விபத்தின்போது அது பயணியின் முகத்தை நோக்கி வீசப்படும். அதேபோல, சாவியை நிறுத்திய பின்னரும் மின்சாரம் நிற்காத வயரில் தட்டை இணைத்தால், போன் வைக்காத நேரத்திலும் அது சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் 12 வோல்ற் துணைப் பற்றரி சிறியது; அது இறங்கிவிட்டால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் புறப்படாது. பல நாட்கள் ஓடாமல் நிற்கும் வாகனத்தின் உரிமையாளர் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டன் அழுத்திப் புறப்படும் கார்களில் ஸ்மார்ட் கீயைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சாவி உள்ளே இருக்கிறதா என்று தேடிக் கார் அனுப்பும் சமிக்ஞை ஏறத்தாழ 125 முதல் 134 கிலோஹேட்ஸ் அலைவரிசையில் இருப்பதாலும், தட்டும் அதை அண்டிய அலைவரிசையிலேயே வேலை செய்வதாலும், சாவி இல்லை என்று கார் சொல்லக்கூடும். போன் கவரின் பின்னால் வங்கி அட்டையை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டே சார்ஜ் ஏற்ற வேண்டும். காந்தத் தாங்கிக்காக ஒட்டிய இரும்புத் தகடும் விரல் மாட்டும் உலோக வளையமும் சார்ஜைத் தடுப்பதோடு தாமும் சூடாகும். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்கள், காந்தமுள்ள போனையும் சார்ஜரையும் அந்தக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தூரத்திலும், வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது 30 சென்ரிமீற்றருக்கு அப்பாலும் வைக்க வேண்டும் என்று ஐபோன் தயாரிப்பாளர் அறிவுறுத்துகிறார். இருதய நோயாளிகளைக் கூட்டிச் செல்லும் வாடகை வாகனச் சாரதிகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வாகனம் ஓட்டும்போது போனைக் கையாள்வது நமது நாட்டுச் சட்டப்படி குற்றம். தட்டில் வைத்த போன் சரியாக அமைந்ததா, சார்ஜ் அடையாளம் தோன்றியதா என்று குனிந்து பார்ப்பதும் பார்வையை வீதியிலிருந்து எடுப்பதுதான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன்கள் கண்ணை எடுத்தால், வாகனம் ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைச் சாரதி பாராமலே கடந்துவிடும். பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் சந்தையும் அடுத்தடுத்து அமைந்த காத்தான்குடி முதல் நிந்தவூர் வரையான வீதியில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்கள்! போனைத் தட்டில் வைத்து, ஏறுகிறதா என்று பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது: தட்டின் மாதிரி இலக்கத்தையும், அதற்குத் தேவையான அடப்டரின் வோல்ற், அம்பியர் அளவுகளையும், பொருத்திக் கொடுத்தால் எந்த அளவு பியூஸில் பொருத்தினீர்கள் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வணிகரின் கடமை. வாங்குபவர்களும் அதைக் கேட்டுப் பெறத் தயங்கக் கூடாது. இரு மாவட்டங்களிலும் உள்ள அதிகாரசபை அதிகாரிகள் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கும் சென்று, பொய்யான வாட் எண்ணும் சான்றில்லாத முத்திரையும் அச்சிட்ட பெட்டிகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மட்டக்களப்பு, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிகள், கடைகளில் இந்த வேலையைப் பார்த்துப் பழகிய இளைஞர்களுக்கு வார இறுதியில் ஒரு குறுகிய பயிற்சியை நடத்த முன்வந்தால், வயர் அளவு, பியூஸ் தெரிவு, எயார்பேக் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். அந்த இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை என்பதே உண்மை. அத்தகைய பயிற்சிக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

ஏற்கெனவே தட்டுப் பொருத்தியிருப்பவர்கள், அரைமணி நேரம் ஓட்டிய பின் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, அடப்டரையும் கைக்கெட்டும் வயரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் கருகும் மணமோ இருந்தால், தட்டின் இணைப்பை உடனே கழற்றிவிட்டு, அது எந்தப் பியூஸில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை வாகன மின்வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்தொழிலாளி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.